மிச்சச் சுவருக்கு வெள்ளையடிக்காதீர்கள்: எங்கள் குப்பத்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் நிர்வாகிகளுக்கும் திருவிழாக் குழுவினருக்கும்,

சமுதாயக் கூடத்தின் பக்கச் சுவரில் பிள்ளைகளும் நானும் வரைந்த படங்களில் பாதிக்கு மேல் போன வாரம் வெள்ளையடித்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு நான் ஓவிய வகுப்பு எடுத்த மாடி அறையின் சாவியை வாங்கிக்கொண்டு, அங்கே பந்தல்காரரின் நாற்காலிகளை அடுக்கியிருக்கிறீர்கள். இரண்டும் ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவு என்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வாளியும் மட்டையுமாக ஆள் வந்து நின்ற பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அதுவும் அந்தச் சுவரில் படகு வரைந்த ஒரு பையன் ஓடி வந்து சொல்லித்தான்.

உங்களில் பாதிப் பேரை மாமா, சித்தப்பா, அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். தெருவில் பார்த்தால் இனிமேலும் அப்படித்தான் கூப்பிடுவேன். முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துதான் பேசினேன். "திருவிழா முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் ஒருவர். "உனக்கு எதுக்கு இந்த வம்பு, படிச்ச பொண்ணு, நல்ல வேலையாப் பார்த்துப் போ" என்றார் இன்னொருவர். ஏன் இந்த முடிவு என்று ஒருவரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காரணங்கள் மீன் மார்க்கெட்டிலும் தண்ணீர் லாரிக்கு நிற்கிற இடத்திலும் என் அம்மாவின் காதில் விழுந்துதான் எனக்கு வந்து சேர்ந்தன. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேள்விப்பட்ட முதல் காரணம், மீன்கூடை தூக்குகிற பொம்பளையை அவ்வளவு பெரிதாக வரைந்து ஊரை அசிங்கப்படுத்திவிட்டேன் என்பது.

அந்த அம்மா யார் என்று ஊருக்கே தெரியும். இங்கே எந்த முகத்தை வரைந்தாலும் அது யாரோ ஒருவரின் அம்மாவாக, பெரியம்மாவாகத்தான் இருக்கும். வேறு இடத்தில் இருக்கிற ஓவியர் பெயர் தெரியாத ஒருவரை வரைந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடலாம். நான் வரைந்த முகம் மறுநாள் காலையில் குழாயடியில் என் எதிரே நிற்கும். அதனால் சுவரில் ஒரு கோடு இழுக்கும் முன்பே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மகன்களிடம் பேசினார். பிறகு, "ஏலம் முடிஞ்சு வர்றப்ப எப்படி இருக்கேனோ அப்படியே வரை, புதுப் புடவையெல்லாம் கட்டி நிக்க மாட்டேன்" என்றார். பாதி முடிந்த படத்தை வந்து பார்த்தவர், "கூடை சின்னதா இருக்கே, நான் இதைவிடப் பெருசு தூக்கினவ" என்று சொல்லி மாற்றச் சொன்னார். கூடையைப் பெரிதாக்கினோம். படத்தில் இருப்பவருக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அப்படியானால் அசிங்கம் யாருக்கு?

விடியும் முன்பே காசிமேட்டு ஏலத்தில் நின்று, வட்டிக்கு வாங்கிய காசில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று நடந்து விற்ற கூட்டம் அது. பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாமல் இறக்கிவிடப்பட்ட கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. என் பள்ளிக்கூடச் செலவு அந்தக் கூடையிலிருந்து வந்தது. நிர்வாகத்தில் இருக்கும் உங்களில் சிலரின் படிப்பும் அதிலிருந்து வந்ததுதான்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1959-ல் வைத்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நான் படித்த அரசு ஓவியக் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அதே கல்லூரியில் காவல் வேலை பார்த்தவர். இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு பாறையை நெம்புகிற நாலு பேரை யாரும் ஊருக்கு அசிங்கம் என்று சொன்னதில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். கடற்கரைச் சாலையில் பெருமையாகத் தெரிகிற உழைப்பு நம் சொந்தச் சுவரில் மட்டும் எப்படி மானக்கேடாக ஆகும்?

இரண்டாவது காரணம் எண்ணெய்க் கசிவைப் பற்றிய படம். கறுப்பாகிப் போன படகும், இறக்கையெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாவும் இருந்த பகுதி. முதலில் வெள்ளையடித்தது அதைத்தான். "தேவையில்லாத பிரச்சினை வரும், அதிகாரிங்க பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று பேசிக்கொண்டீர்களாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது ரகசியம் இல்லை. எல்லாப் பேப்பரிலும் டிவியிலும் வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரித்தது. கையால், மக்கால், வாளியால் எண்ணெயை அள்ளிய ஆட்கள் நம் சொந்தபந்தங்கள். அரசாங்கம் நிவாரணம் கொடுத்த விஷயத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரைந்தால் அதில் என்ன குற்றம்? அந்தக் கூழைக்கடாவை வரைந்த சிறுமியின் தாத்தா வீடு எண்ணூர்ப் பக்கம். அவள் போட்டோ பார்த்து வரையவில்லை, கண்ணால் பார்த்து வந்து வரைந்தாள். நான் அதில் தூரிகையே வைக்கவில்லை. வெள்ளையடித்த அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "நான் எதாவது தப்பா வரைஞ்சிட்டேனாக்கா?" என்று கேட்டாள். நீ தப்பாக எதுவும் வரையவில்லை என்று சொன்னேன். அதை நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம், பெண் பிள்ளைகள் சாயங்காலம் மாடி அறையில் இருப்பது. வகுப்பு நடந்த நேரமெல்லாம் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. கீழே கேரம் போர்டில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஒரு அம்மா மாற்றி மாற்றி மேலே வந்து உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருந்தார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அம்மாக்களைக் கேளுங்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் மனதில் கிடக்கிற குறை இதைவிடப் பழையது.

இந்த ஊரில் ஓவியராக இருப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் இறந்திருப்பார். காலையில் பாடை தூக்கும் முன் படம் வேண்டும். போட்டோ என்று கையில் இருப்பது ஆதார் அட்டையில் மங்கிப்போன ஒரு சின்ன முகம். அதை வைத்து, அவர் சிரிப்பு எப்படி இருக்கும், மூக்கு எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று எனக்கு நினைவிருப்பதையும் சேர்த்து வரைவேன். கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஒரு பையனை அப்படி வரைந்திருக்கிறேன். அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "கண்ணு இன்னும் கொஞ்சம் பெருசும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வேலைக்கு நான் ஒரு ரூபாய் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஊரில் இருக்கிறவள் ஊருக்குச் செய்ய வேண்டியது அது.

படகுக்காரர்களைப் பற்றியும் எனக்குக் குறை இல்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை தைப்பது, மரவேலை, எஞ்சின் வேலை, பெயிண்ட் எல்லாம் அப்போதுதான். படகுக்குப் பெயர் எழுதவும் பதிவு எண் எழுதவும் கூப்பிடுவார்கள். தங்களுக்கே வருமானம் இல்லாத அந்த மாதங்களில்கூட கூலியை முன்பே பேசி, வேலை முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுத்து கோணலாக இருந்தால் திட்டவும் செய்வார்கள். அது நியாயம். என் வேலையை வேலையாக மதிக்கிறார்கள்.

திருவிழாவில் மட்டும் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஆடித் திருவிழாவுக்கு லைட் போடுகிறவருக்கு முன்பணம் போகிறது. பேண்டு செட்டுக்கு, பந்தலுக்கு, ஃபிளெக்ஸ் கடைக்கு, சமையலுக்கு எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. மேடைக்குப் பின்னால் தொங்குகிற அம்மன் படத்தையும், தேர் வருகிற வழியில் வைக்கிற வளைவையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைகிற எனக்கு அந்த நோட்டில் வரி இல்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு, அவளுக்கு என்ன பணம்" என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்துவீர்கள். பெயிண்ட்டையும் பல வருஷம் என் காசில்தான் வாங்கியிருக்கிறேன். சொந்தம் என்று நீங்கள் உரிமையோடு கேட்டபோது நான் மறுத்ததே இல்லை. அதே சொந்தம், சுவரில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற அன்றைக்கு எங்கே போனது? என் கை மட்டும் ஊருக்குச் சொந்தமாகவும், என் வாய் வெளியாளுடையதாகவும் இருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எனக்கு முன்னால் இந்தத் தெருவில் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிட்டீர்கள். சினிமா பேனரும் கட்-அவுட்டும் வரைந்தவர். சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, முப்பது நாற்பது அடி முகத்தைப் பிசகில்லாமல் கொண்டுவருகிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். கல்லூரியில் சேரும் முன்பே எனக்கு அந்தப் பாடம் கிடைத்துவிட்டது. ஃபிளெக்ஸ் வந்ததும் அவர் தொழில் போயிற்று. கடைசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். அவர் வரைந்த ஒரு துணிகூட இன்று இந்த ஊரில் இல்லை. மழைக்குக் கூரை மேல் போட்டுக் கிழிந்துபோயின. அவரைப் பற்றி இப்போது எல்லாரும் நல்ல மாதிரிதான் பேசுகிறோம். அவர் கற்றுக்கொடுக்க ஒரு இடம் கேட்டு இதே நிர்வாகத்திடம் அலைந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் வரையலாமே என்கிறார்கள். நம் வீடுகள் எப்படி என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஒரே அறை, அதில் தாத்தா படுத்திருப்பார், டிவி ஓடும், அடுப்பு எரியும். ஒரு முழு சார்ட் பேப்பரை விரிக்கத் தரையில் இடம் கிடையாது. விரித்தாலும் யாராவது மிதிப்பார்கள். பெயிண்ட் காயும் வரை வைக்க ஒரு மூலை கிடையாது. வெளியே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால், ஓவிய வகுப்பும் கண்காட்சிக் கூடங்களும் பெரும்பாலும் சென்னையின் தெற்குப் பக்கம் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் அது பாதி நாள் பயணம். அந்தக் கூடங்களுக்குள் போனால் எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் முழித்திருக்கிறேன். பெரியமேட்டில் இருக்கிற ஓவியக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எங்கள் தெருவிலிருந்து அங்கே சேர்ந்த முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் அந்த மாடி அறையில் உருவாகிக்கொண்டிருந்தாள். சேர்க்கைத் தேர்வுக்காக அவள் தினமும் வரைந்து பழகிய இடத்தில்தான் இன்று நாற்காலி அடுக்கியிருக்கிறது.

1966-ல் அதே கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சேர்ந்து, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற கலைக் கிராமத்தை உண்டாக்கினார்கள். கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில் அதை நடத்தினார்கள். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு ஒரே எண்ணம்தான் வந்தது. அவர்கள் தேடிப் போய் உண்டாக்க வேண்டியிருந்த கடலும் கிராமமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நமக்கு வேண்டியது ஒரு அறையும் ஒரு சுவரும்தான். அந்த எண்ணத்தில்தான் படிப்பு முடித்த பிறகும் இங்கேயே இருந்தேன். என்னோடு படித்தவர்கள் பலர் பெங்களூருக்கும் ஐடி கம்பெனிகளுக்கும் டிசைன் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் அப்படி வேலை வந்தது. நான் போகவில்லை. இப்போதும் போவதாக இல்லை.

திருவிழாச் செலவு ஏறிக்கொண்டே போவது எனக்கும் தெரியும். சுவரில் விளம்பரம் எழுத ஒரு கம்பெனி நன்கொடை தருவதாகச் சொல்லியிருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையானால் அதையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து பேசியிருந்தால் எந்தப் பக்கத்தை விடுவது, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று வழி கிடைத்திருக்கும். அதை விட்டு, கூடை தூக்கிய ஒரு அம்மாவையும் எண்ணெய் பார்த்த ஒரு பிள்ளையையும் காரணமாகச் சொன்னது மனதை அறுக்கிறது.

எங்கள் வீட்டுத் திருவிழா வரியை அப்பா போன பிறகும் அம்மா ஒரு வருஷமும் பாக்கி வைத்ததில்லை. வரி கட்டுகிற பல வீடுகளில் சம்பாதிப்பது பெண்கள். அவர்களும் கூட்டத்தில் உட்கார வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு இருக்கிறது. இப்போதைக்கு இந்த ஒரு முடிவின் அளவில் கேட்கிறேன்.

நான் கேட்பவை இவை. மிச்சமிருக்கும் சுவருக்கு வெள்ளையடிப்பதை உடனே நிறுத்துங்கள். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பு ஒரு ஊர்க்கூட்டம் போடுங்கள். சுவரில் வரைந்த பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், படத்தில் இருக்கும் அந்த அம்மா, நான் எல்லாரும் அதில் உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள். என்ன காரணத்துக்காக வெள்ளையடித்தீர்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் உங்கள் வாயால் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமானால் தெருமுனைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கூடத்தின் வாசலை ஒட்டிய பக்கத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். அழித்த இடத்தில் அவர்கள் திரும்ப வரையட்டும். எண்ணெய்ப் படமும் அதில் அடக்கம்.

மாடி அறையைச் சனி, ஞாயிறு மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை எங்களுக்குக் கொடுங்கள். நாற்காலிகளைச் சுவரோரமாக நாங்களே அடுக்கிக்கொள்கிறோம். அந்த நேரத்துக்கான கரண்ட் பில்லை நான் கட்டுகிறேன். அம்மாக்கள் முன்போலவே வந்து உட்காருவார்கள். கல்லூரித் தேர்வுக்குத் தயாராகும் பெண்ணுக்கு மட்டும் மற்ற நாட்களிலும் ஒரு மணி நேரம் வேண்டும். அவள் விஷயத்தில் கூட்டம் வரை காத்திருக்க நேரம் இல்லை, நாளைக்கே சாவி கொடுங்கள்.

திருவிழா நோட்டில் ஓவிய வேலைக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பெயிண்ட், துணிச் செலவும், ஃபிளெக்ஸ் கடைக்குக் கொடுப்பதில் பாதிக் கூலியும் போதும். இந்த வருஷம் அந்தத் தொகையை எனக்குத் தர வேண்டாம், பிள்ளைகளுக்கு நல்ல தாளும் தூரிகையும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த வருஷத்திலிருந்து வேலை செய்கிறவர் யாரோ அவர் கையில் கொடுங்கள். சாவு வீட்டுப் படத்துக்கு எப்போதும்போல எந்த நேரமும் என் கதவைத் தட்டலாம், அதில் மாற்றமில்லை.

உங்கள் பதிலை என் அம்மாவிடமோ மார்க்கெட்டிலோ சொல்லி அனுப்ப வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டுங்கள்.

உங்கள் ஊரில் பிறந்து, இதே ஊரில் வரைந்துகொண்டிருக்கும்
ஒரு ஓவியர்